கோப்பின் பெயரும் பொருளும்

பெயரைக் கொண்டு பொருளை அறிதல் மக்களுக்கு இயல்பு. 'பனை' என்ற அளவிலே நெடிய அடியும் விசிறி போன்ற ஓலையும் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், பெயர் வேறு, பொருள் வேறு என்பதையும், ஒரு பெயர் பல பொருளுக்கும் பல பெயர் ஒரு பொருளுக்கும் உரியனவாய் வருதலுண்டு என்பதையும் நம் இலக்கண நூலார் நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்துக் காட்டினர். இன்று எல்லார் கையிலும் இல்லத்திலும் இடம்பெற்றுவிட்ட கணினியோ, பெயரைப் பெரிதும் நம்பும் இயல்பினது. அந்நம்பிக்கையால் விளையும் ஓர் இடர்ப்பாட்டையும் அதனைத் தீர்க்கும் வழிகளையும் இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முயல்வாம். தமிழாசிரியன் பொறியைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். இடர் நிகழுமிடம் பொறியாயினும், அதன் வேர் சொல்லிலும் எழுத்திலும் உள்ளதாகலின், எழுதுதல் தகும் எனத் துணிந்தோம்.

இடர்ப்பாடு இன்னதென்பதை ஓர் உதாரணத்தாற் காட்டுவாம். தொரொன்ரோவில் வாழும் பழைய மாணவர் ஒருவர், தம் பள்ளிப் பருவத்து நினைவுகளை எழுதி மலர்க்குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்புகின்றார் என வைத்துக்கொள்வோம். பெற்றவர் அக்கோப்பின்மீது இருமுறை அழுத்துகின்றார். கட்டுரை தோன்றவேண்டிய இடத்தில், படம் பார்க்கும் நிரலொன்று திறந்து, 'இதனைக் காட்ட இயலாது' என்கின்றது. அல்லது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் பக்கம் பக்கமாக நிரம்பிக் கிடக்கின்றன. அல்லது முன்பின் அறியாத பெயருடைய சில உறைகள் வரிசையாகத் தோன்றுகின்றன. 'கோப்புக் கெட்டுவிட்டது' என்று முடிவுசெய்து பெற்றவர் அதனை அழித்துவிடுகின்றார். எழுதியவரோ முதுமையெய்தியவர், மீண்டும் எழுதுதல் அவருக்கு அரிது. உண்மையில் அக்கோப்பில் ஓரெழுத்தேனும் கெடவில்லை. அது தனக்குரிய நிரலிடம் போய்ச் சேரவில்லை, நிகழ்ந்தது அவ்வளவே.

விகுதியும் அதன் தொழிலும்

கணினியிற் சேமித்து வைக்கப்படும் கடிதம், ஒளிப்படம், பாட்டு, கணக்கு ஆகிய யாவும் கோப்பு எனப்படும். எவ்வகைக் கோப்பாயினும் அதனுள்ளே இருப்பது 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நீண்டதொரு வரிசையே. அவ்வெண்களை எழுத்தாகக் காட்டுவதா, நிறமாகக் காட்டுவதா, ஒலியாக எழுப்புவதா என்பதை அறிந்து தொழிற்படுவது நிரல். புரோகிராம் எனவும் அப் எனவும் வழங்குவது இதனையே. கடிதம் எழுதும் நிரலுக்கு ஒளிப்படத்தின் எண்வரிசை விளங்காது. பாட்டிசைக்கும் நிரலுக்குக் கணக்கேட்டின் எண்வரிசை விளங்காது.

அவ்வாறாயின், எந்தக் கோப்பை எந்த நிரலிடம் ஒப்படைப்பது என்பதைக் கணினி எங்ஙனம் அறிகின்றது? பெரும்பாலான கணினிகள் கோப்பின் பெயரீற்றைப் பார்க்கின்றன. பெயரின் முடிவில் ஒரு புள்ளியும், அதன்பின் மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துக்களும் நிற்கும். பீ.டி.எவ். என முடிந்தால் அச்சுப்பக்கம், ஜே.பீ.ஜி. என முடிந்தால் ஒளிப்படம், டி.ஓ.சி.எக்ஸ். என முடிந்தால் வேட் நிரலில் ஆக்கிய ஆவணம். இவ்வீற்றை ஆங்கிலத்தில் எக்ஸ்ரென்ஷன் என்பர். விகுதி என்னும் பழகிய சொல்லால் இதனை ஈண்டு வழங்குவாம். 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.எஸ். டொஸ் என்னும் இயக்க முறைமையில் பெயர்ப்பகுதிக்கு எட்டெழுத்தும் விகுதிக்கு மூன்றெழுத்துமே இடமுண்டு. அக்காலத்துச் சிக்கனமே இன்றுவரை மூன்றெழுத்து விகுதிகளாய் நின்று நிலவுகின்றது.

விகுதி என்னும் உவமை இதற்கு முற்றும் பொருந்துவதாகும். 'நடந்தான்' என்னுஞ் சொல்லின் ஈற்றிலுள்ள 'ஆன்' என்பது ஆண்பால் ஒருமை படர்க்கையைக் காட்டுகின்றது. சொல்லின் ஈற்றைக் கண்ட அளவிலே, செய்தவன் ஓர் ஆண்மகன் என அறிகின்றோம். ஆனால், 'மான்' என்னுஞ் சொல்லும் அவ்வோசையிலேயே முடிகின்றது. அதனைப் பகுதி விகுதியாகப் பிரித்து, மானும் ஓர் ஆண்மகனே என்று கூறுவாருளரோ? பகாப்பதம் இது என்பதைப் பொருள் நோக்கி அறிகின்றோம். கணினியோ ஈற்றோசையை மாத்திரம் கேட்டு முடிவுசெய்யும் மாணவனைப் போன்றது. 'மான்' என்பதையும் 'நடந்தான்' என்பதையும் அது ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிடும்.

பல பொருள் ஒரு சொல் என்பதும் இங்கு உண்டு. ரி.எஸ். என்னும் விகுதி தொலைக்காட்சி ஒளிபரப்புக்குரிய காணொளிக் கோப்பையும் குறிக்கும். நிரலாக்குநர் எழுதும் ஒருவகை நிரல்மொழிக் கோப்பையும் குறிக்கும். ஒரு பொருட் பன்மொழிக்கு ஜே.பீ.ஜி., ஜே.பீ.ஈ.ஜி. என்னும் இரண்டும் உதாரணமாகும். எனவே, விகுதி சுட்டும் நிரல் எப்பொழுதும் நாம் வேண்டிய நிரலாகவே இருக்குமென எதிர்பார்த்தலாகாது.

கோப்புத் தவறாகத் திறக்கும்போது மூவகைப் பிழைகளுள் ஒன்று நிகழ்ந்திருத்தல் கூடும். விகுதிக்கும் நிரலுக்குமுள்ள உறவு மாறியிருக்கலாம், பெயரே பிழையாயிருக்கலாம், பெயரும் நிரலும் சரியாயிருக்க, எழுத்தை வாசிக்கும் முறை பிழைத்திருக்கலாம். நோய் நாடி மருந்து கொடுத்தல் வேண்டுமாகலின், இம்மூன்றையும் தனித்தனியே நோக்குவாம்.

உறவு மாறிய கோப்பு

எந்த விகுதிக்கு எந்த நிரல் என்று காட்டும் அட்டவணையொன்று ஒவ்வொரு கணினியிலும் உண்டு. புதிய நிரலொன்றை நிறுவும்போதோ, வினாவொன்று தோன்ற வாசியாமலே 'ஆம்' என்று அழுத்தும்போதோ அவ்வட்டவணை மாறிவிடுகின்றது. நேற்றுவரை ஒழுங்காகத் திறந்த பீ.டி.எவ். கோப்புக்கள் அனைத்தும் இன்று வேறொரு நிரலில் திறக்குமாயின், பிழை இவ்வகையது என்று துணியலாம். ஒரே விகுதியுடைய எல்லாக் கோப்புக்களும் ஒருங்கே தடம்மாறுதல் இதன் அடையாளம்.

விண்டோஸ் கணினியில் இதனைத் திருத்தும் முறை வருமாறு. கோப்பின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்துக. தோன்றும் பட்டியலில் 'ஓப்பன் வித்' என்பதையும், அதனுள் 'சூஸ் அனதர் அப்' என்பதையும் தெரிவுசெய்க. நிரல்களின் வரிசையிலிருந்து உரியதைத் தேர்ந்து, விண்டோஸ் 11 ஆயின் 'ஓல்வேஸ்' என்னும் பொத்தானை அழுத்துக. விண்டோஸ் 10 ஆயின் 'எப்பொழுதும் இந்நிரலையே பயன்படுத்துக' என்னும் கருத்துடைய சிறு கட்டத்தில் அடையாளமிட்டு முடிக்க. அவ்வாறு செய்தபின் அவ்விகுதியுடைய கோப்புக்கள் யாவும் அந்நிரலிலேயே திறக்கும். ஒருமுறை மாத்திரம் வேறு நிரலிற் பார்க்க விரும்பின், 'ஜஸ்ற் வன்ஸ்' என்பதை அழுத்துதல் போதும், அட்டவணை மாறாது. பல விகுதிகளை ஒருங்கே சீர்செய்ய வேண்டின், 'செற்றிங்ஸ்', 'அப்ஸ்', 'டிபோல்ற் அப்ஸ்' என்னும் வழியாற் சென்று அவ்வட்டவணையையே காணலாம்.

மக் கணினி வைத்திருப்போர், கோப்பைத் தெரிவுசெய்து 'கெற் இன்போ' என்பதைத் திறந்து, 'ஓப்பன் வித்' என்னும் பகுதியில் நிரலைத் தேர்ந்து, 'சேஞ்ச் ஓல்' என்பதை அழுத்துக. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில், தவறாகத் திறக்கும் செயலியின் பெயரைச் 'செற்றிங்ஸ்' பகுதியிற் கண்டு, அதற்கு முன்னர் அளித்த இயல்புநிலை உரிமையை நீக்கிவிடுக. அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போது, எந்தச் செயலி வேண்டுமெனத் தொலைபேசியே வினவும். அவ்வேளையில் அவசரப்படாது வாசித்து விடையளித்தல் வேண்டும்.

பெயர் பிழைத்த கோப்பு

பிற கோப்புக்கள் செவ்வனே திறக்க, குறித்த ஒரு கோப்பு மாத்திரம் பிழைபடுமாயின், பிழை அதன் பெயரிலிருத்தல் கூடும். மின்னஞ்சலிலும் கைத்தொலைபேசியிலும் பல கை மாறி வரும் கோப்புக்கள் சிலவேளை விகுதியை இழந்து வருகின்றன. அன்றி வேறு விகுதி பூண்டு வருகின்றன.

இதனை அறிதற்கு முதலில் விகுதி கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். 1995 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 முதலாக, அறிந்த விகுதிகளை மறைத்துக் காட்டுதல் விண்டோஸின் வழக்கமாயிற்று. விண்டோஸ் 11 இல் கோப்புக்களைக் காட்டும் சாளரத்தின் மேலே 'வியூ', 'ஷோ', 'பைல் நேம் எக்ஸ்ரென்ஷன்ஸ்' என்னும் வழியால் அவற்றை வெளிப்படுத்தலாம். கணினி பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் முதலிற் செய்துகொள்ளத்தக்க மாற்றம் இதுவே என்பது எம் கருத்து. மறைந்த விகுதியால் உலகம் பட்ட இடரை 2000 ஆம் ஆண்டு மே மாதத்திற் பரவிய 'ஐ லவ் யூ' என்னும் நச்சு நிரல் காட்டிற்று. காதற் கடிதமெனப் பெயரிட்டு வந்த அக்கோப்பின் பெயரில் ரி.எக்ஸ்.ரி. என்பது வெளியே தெரிந்தது. அதன் பின்னே வி.பீ.எஸ். என்னும் உண்மை விகுதி மறைந்திருந்தது. எளிய எழுத்துக் கோப்பென நம்பித் திறந்தோரின் கணினிகளில் அது கட்டளை நிரலாகி ஓடிற்று. ஒளிப்படங்கள் முதலிய கோப்புக்களை அழித்தது. அவர்தம் முகவரிப் புத்தகத்திலிருந்தோர்க்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. இலட்சக்கணக்கான கணினிகள் சில நாட்களுள் பாதிப்புற்றன. ஆகலின், அறியாதவரிடமிருந்து வரும் கோப்பில் இரண்டு விகுதிகள் காணப்படின், அதனைத் திறவாதிருத்தலே அறிவுடைமை.

பெயர் ஐயத்துக்கிடமாகும்போது பொருளை நோக்குதல் வேண்டும். பெரும்பாலான கோப்புவகைகள் தம் முதலடியிலேயே தம் குலத்தைக் கூறிவிடுகின்றன. பீ.டி.எவ். கோப்பின் தொடக்கத்தில் நூற்றுவீதக் குறியும் பீ, டி, எவ் என்னும் எழுத்துக்களும் நிற்கும். சுருக்கிக் கட்டிய ஸிப் கோப்புக்கள் பீ, கே என்னும் ஈரெழுத்தோடு தொடங்கும். அவை அவ்வகையை 1989 இல் அமைத்த பில் காற்ஸ் என்பாரின் பெயரின் முதலெழுத்துக்கள். ஐயத்துக்குரிய கோப்பைப் படியெடுத்து, அப்படியை 'ஓப்பன் வித்' வழியாக நோட்பாட் என்னும் எளிய நிரலிற் திறந்து முதல் வரியைப் பார்த்தால் இவை தெரியும். ஏனையவை குப்பைபோற் காணப்படும். அதனைப் பொருட்படுத்தாது, எதனையும் சேமியாது மூடிவிடுக. குலம் தெரிந்தபின் படியின் பெயரீற்றில் உரிய விகுதியைச் சேர்த்தால் அது தன் நிரலிற் திறக்கும்.

வேட் ஆவணம் உறைகளாகத் தோன்றுவதன் காரணமும் இதனால் விளங்கும். 2007 ஆம் ஆண்டின் பதிப்பு முதலாக வேட் ஆவணம் உண்மையில் ஒரு ஸிப் கட்டாகவே அமைக்கப்படுகின்றது. வழியில் ஏதேனும் ஒரு கருவி அதன் முதலீரெழுத்தை நோக்கி ஸிப் என்று பெயர்மாற்றிவிட்டால், கட்டவிழ்க்கும் நிரல் அதனைத் திறந்து உள்ளுறுப்புக்களைக் காட்டுகின்றது. விகுதியை டி.ஓ.சி.எக்ஸ். என மீட்டமைத்தால் கட்டுரை மீண்டும் கட்டுரையாய்த் தோன்றும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். பெயரை மாற்றுதலாற் பொருள் மாறாது. வேட் ஆவணத்தின் விகுதியை நீக்கிப் பீ.டி.எவ். என எழுதினால் அது பீ.டி.எவ். ஆகிவிடாது. உரிய நிரலில் திறந்து, வேறு வகையாகச் சேமிப்பதே வகைமாற்றும் முறை.

வாசிப்புப் பிழைத்த கோப்பு

மூன்றாவது பிழை தமிழராகிய நமக்குச் சிறப்பாக உரியது. கோப்பின் பெயர் சரி. திறந்த நிரலும் சரி. ஆயினும் தமிழ் தோன்றவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்கள் தோன்றுகின்றன. இதன் காரணத்தை அறிதற்குத் தமிழ் கணினியேறிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் வகுக்கும் யூனிகோட் என்னும் ஒருங்குறி 1991 இல் வெளியிடப்பட்டது. அதிலே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் சாதாரண கணினிகளில் அது தமிழுக்குப் பயன்படப் பல ஆண்டுகள் சென்றன. அதற்கிடையே, ஆங்கில எழுத்துக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் பல தோன்றின. இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி அவற்றுள் ஒன்று. அதன் விசையொழுங்கு தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைத் தழுவியது. சுண்டிக்குளியில் 1886 இற் பிறந்து சிங்கப்பூரிற் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த பெருமையுடையார் என்பதை யாழ்ப்பாணத்தார் மறத்தலாகாது.

பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால், கோப்பினுள் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே சேமிக்கப்படுகின்றன. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அவை தமிழாய்த் தோன்றும். இல்லாத கணினியில் ஆங்கிலமாகவே தோன்றும். இத்தகைய கோப்பை இனங்காண எளிய வழியொன்றுண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி நிற்பதால், பொருளற்ற ஆங்கிலத்திடையே அரைப்புள்ளிகள் வரிதோறும் மலிந்து கிடக்கும். அவ்வாறு காணின், கோப்புக் கெடவில்லையெனத் தெளிந்து, பாமினி எழுத்துருவை நிறுவி வாசிக்கலாம். அன்றி, எழுத்துமாற்றும் கருவியால் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு மாறாக, ஒருங்குறித் தமிழைப் பழைய முறையில் வாசிக்கும் நிரலிற் திறந்தால் வேறொரு வகைக் குழப்பந் தோன்றும். தலைமேற் கோடிட்ட சிறிய 'ஏ' எழுத்தும், வட்டத்துள் 'ஆர்' எழுதிய வணிகக் குறியும் மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகச் சேமிக்கப்படுவதும், அம்மூன்றையும் தனித்தனி எழுத்தாக நிரல் வாசிப்பதுமே காரணம். அக்குறிகளைக் கண்டால், உள்ளே இருப்பது ஒருங்குறித் தமிழே என அறிந்து, யூ.ரி.எவ். 8 என்னும் முறையில் வாசிக்குமாறு நிரலுக்குக் கட்டளையிடுக.

இக்காட்சி நம் முன்னோர்க்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமில்லை. எகர ஏகார வேறுபாடு காட்டப்படவில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. வாசிக்கும் முறை அறிந்தவருக்கு ஏடு பேசிற்று. அறியாதவருக்கு அது கீறல் நிறைந்த ஓலை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றியபோது, இத்தகைய ஏடுகளையே ஒப்புநோக்கிப் பாடந் தெளிந்தார். விளங்காத ஏட்டைக் கெட்ட ஏடென்று அடுப்பிலிடாத பெருமக்களாலேயே நம் நூல்கள் நமக்குக் கிடைத்தன.

எழுத்துமாற்றும் கருவியை நம்புவோரும் சில இடங்களை மீண்டும் வாசித்துச் சரிபார்த்தல் வேண்டும். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்னும் ஒழுங்கிற் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். கருவி அதனை ஒழுங்குமாற்றும். ஆனால், 'கௌரவம்' என்பதில் வரும் ஔகாரக் குறியின் ஈற்றுறுப்பு ளகரத்தோடு ஒத்திருத்தலின், அது 'கெளரவம்' என்றாகிப் பிழைபட நேரும். தமிழினிடையே வந்த ஆங்கிலப் பெயர்களும் தமிழெழுத்தாக மாறிப் பொருளிழத்தல் கூடும். பொறி மாற்றியதை மனிதன் வாசித்தே முடித்தல் வேண்டும்.

திறத்தலும் சேமித்தலும்

இதுகாறுங் கூறியவற்றிலிருந்து, இக்கட்டுரையின் தலையாய கருத்தை இனி உரைப்பாம். கோப்பைத் தவறிய நிரலில் திறத்தலால் அதற்கு யாதொரு கேடுமில்லை. தவறிய நிரலில் திறந்து, அந்நிலையிலேயே சேமித்தலே கேடு. திறத்தல் ஏட்டைப் பார்த்தல் போன்றது. சேமித்தல் ஏட்டைத் திருத்தி எழுதுதல் போன்றது. விளங்காமற் பார்த்தவன் பின்னர் விளங்கிக்கொள்ளலாம். விளங்காமற் திருத்தியவன் மூலத்தையே அழித்தவனாவான்.

நோட்பாட் நிரல் 2019 ஆம் ஆண்டுக்கு முன்னர், வேறு கட்டளை இல்லாவிடிற் பழைய ஒற்றையெண் முறையிலேயே சேமித்தது. ஒருங்குறித் தமிழை அம்முறையிற் சேமிக்கப் புகுந்தால் நிரல் ஓர் எச்சரிக்கை காட்டும். அதனை வாசியாமற் கடந்தால், தமிழெழுத்து ஒவ்வொன்றும் வினாக்குறியாக மாறிச் சேமிக்கப்படும். பாமினிக் கோப்பில் தமிழ் மறைந்திருக்கின்றது. வினாக்குறியாய்விட்ட கோப்பில் தமிழ் இல்லை. எந்தக் கருவியாலும் அதனை மீட்டல் இயலாது.

பெயர்ப்பட்டியல்களில் நிகழ்வது இதனினும் நுண்ணியது. சி.எஸ்.வி. என்னும் விகுதியுடைய எளிய அட்டவணைக் கோப்பை இருமுறை அழுத்தினால், பல கணினிகளில் எக்செல் அதனைத் திறக்கும். அந்நிரல் எண்ணெனக் கண்டதையெல்லாம் கணக்குக்குரிய எண்ணாகக் கருதும். 021 எனத் தொடங்கும் யாழ்ப்பாணத்துத் தொலைபேசி இலக்கம் முற்சுழியை இழந்து 21 எனத் தொடங்கும். 3-2 என்னும் உதைபந்தாட்ட முடிவு ஒரு திகதியாக மாறும். அந்நிலையிற் சேமித்தால் பழைய சங்க உறுப்பினர் பட்டியலிலுள்ள இலக்கங்கள் யாவும் ஒருங்கே சிதையும். இது நம்மவர்க்கு மாத்திரம் நேர்ந்ததன்று. சில மனித மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களை எக்செல் திகதியாக மாற்றிவந்தமையால், மரபணுக்களுக்குப் பெயரிடும் அனைத்துலகக் குழு அப்பெயர்களையே மாற்றியமைத்துப் புதிய விதிகளை 2020 ஆம் ஆண்டில் வெளியிட்டது. நிரலைத் திருத்த இயலாத அறிஞர் பொருளின் பெயரைத் திருத்தினர்! நாம் செய்யத்தக்கது எளிது. எக்செல்லை முதலிற் திறந்து, 'டேற்றா' என்னும் பகுதியிலுள்ள 'புறொம் ரெக்ஸ்ற்' வழியாகக் கோப்பை உட்கொணர்ந்து, 65001 என எண்ணிட்ட ஒருங்குறி முறையைத் தெரிந்து, இலக்கங்கள் உள்ள நெடுவரிசைகளை எழுத்தெனக் குறித்துவிட்டால் தமிழ்ப் பெயரும் முற்சுழியும் ஒருங்கே தப்பும்.

ஆகவே, கோப்புத் தவறாகத் திறந்தவுடன் செய்யவேண்டியது ஒன்றே. சேமிக்கவா என்று நிரல் கேட்டால், 'வேண்டா' என்று கூறி மூடிவிடுக. பின்னர் மூலத்தைத் தொடாது படியெடுத்து, அப்படியின்மீதே பரிசோதனைகளைச் செய்க.

நிரல் மறைந்த கோப்பு

இறுதியாக, உறவும் பெயரும் வாசிப்பும் பிழையாதிருந்தும் திறவாத கோப்புக்கள் உள. அவற்றைத் திறக்கும் நிரல் வழக்கொழிந்ததே காரணம். தமிழ் அச்சகங்களில் முன்னர்ப் பெருவழக்காயிருந்த பேஜ்மேக்கர் இதற்குத் தக்க உதாரணம். அதன் கடைசிப் பெரும் பதிப்பாகிய ஏழாம் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. அதன்பின் அதே நிறுவனத்தின் இன்டிசைன் அவ்விடத்தைப் பெற்றது. இன்டிசைனின் சி.எஸ். 6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. அதற்குப் பின்வந்த பதிப்புக்கள் அதனைத் திறப்பதில்லை. பேஜ்மேக்கரில், பாமினி எழுத்தில் அமைத்த விழாமலர்களின் மூலக் கோப்புக்கள் பழைய இறுவட்டுக்களில் எத்தனையோ இருத்தல் கூடும். இருவகை அழிவும் அவற்றைச் சூழ்ந்து நிற்கின்றன: நிரலும் மறைகின்றது, எழுத்துருவும் மறக்கப்படுகின்றது. பழைய கணினி ஓடும் நாளிலேயே அவற்றைத் திறந்து பீ.டி.எவ். ஆக்கிவிடுதல் வேண்டும்.

செய்யத்தக்கன

1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அத்தீயை நாம் மறக்கவில்லை. 1998 இல் தைப்பொங்கலன்று கி. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் ஈழத்து எழுத்துக்களைக் காக்கத் தொடங்கிய நூலகம் திட்டமும் நூல்களைக் கணினியிலேற்றிக் காத்து வருகின்றன. ஈழத்துப் பாடசாலை மலர்கள் பலவும் நூலகத்தின் இணையத்தளத்தில் இன்று எவரும் வாசிக்கத்தக்கனவாய் உள்ளன. ஆயின், தீயின்றியே அழியும் எழுத்துக்களும் உள. விளங்கவில்லை என்பதற்காக அழிக்கப்பட்ட கோப்புக்குச் சாம்பலும் எஞ்சுவதில்லை. அது இருந்ததென்பதை அறிவாருமிலர்.

கல்லூரியின் வரலாறு இன்று பலருடைய கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் சிதறிக் கிடக்கின்றது. பழைய மாணவர் கட்டுரை அனுப்பும்போது, வேட் கோப்போடு அதன் பீ.டி.எவ். படியொன்றையும் சேர்த்தனுப்புக, இயன்றவரை ஒருங்குறியிலேயே எழுதுக, பழைய எழுத்துருவில் எழுதின், எழுத்துருவின் பெயரை மின்னஞ்சலிற் குறிப்பிடுக. மலர்க்குழுவினர், எந்தக் கோப்பு எந்த நிரலில் எந்த எழுத்துருவில் ஆக்கப்பட்டது என்பதை எளிய எழுத்துக் கோப்பொன்றில் எழுதி மூலக் கோப்புக்களோடு வைக்க. மாணவர்கள் இக்கட்டுரையிற் கூறிய மூன்று பிழைகளையும் பிரித்தறியப் பழகி, வீட்டிலுள்ள முதியோர்க்கு உதவுக. பேரன் பேர்த்தியரின் பத்து நிமிட உதவி, பாட்டனார் எழுதிய நினைவுக் கட்டுரையொன்றைக் காத்துவிடும்.

இனி ஒரு கோப்பு விளங்காத குறிகளோடு உங்கள்முன் திறக்குமாயின், அழிக்கும் பொத்தானை நாடுமுன், 'இதன் விகுதி யாது? இதன் முதலடி யாது? இதனை வாசிக்கும் முறை யாது?' என்னும் வினாக்கள் மூன்றையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலான கோப்புக்கள் இவற்றுள் ஒன்றுக்கேனும் விடையளித்துத் தம் பொருளைத் தந்துவிடும்.